யார் காலை யார் கழுவுவது?

பெரிய வியாழனுக்கு அடியில் அடிமைகளின் ராச்சாப்பாடு ஒன்று கிடக்கிறது. எகிப்தில் செங்கல் அறுத்துக் கிடந்த கூட்டம் தப்பிப் போவதற்கு முந்தி அவசர அவசரமாகத் தின்ற சாப்பாடு. புளிக்க வைக்க நேரமில்லாத அப்பம், கசப்புக் கீரை, இடுப்பில் கச்சை, காலில் செருப்பு, கையில் தடி. விவிலியத்தில் விடுதலைப் பயணம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் (பழைய மொழிபெயர்ப்பில் யாத்திராகமம்) இதெல்லாம் இருக்கிறது. கூடவே இன்னொன்றும் இருக்கிறது. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் இந்தச் சடங்குக்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள், அப்போது அடிமையாய்க் கிடந்து மீண்ட கதையைச் சொல்லுங்கள் என்று. யூதர்கள் இன்றைக்கும் பாஸ்கா ராத்திரியில் வீட்டிலிருக்கும் சின்னப் பிள்ளையைத்தான் முதலில் பேச விடுகிறார்கள். இந்த ராத்திரி மட்டும் ஏன் வேறாக இருக்கிறது என்று அது கேட்கும். பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும். கேட்கிற உரிமை பிள்ளைக்கு.

அந்த ராச்சாப்பாட்டை நினைத்துக்கொண்டுதான் இயேசு தன் ஆட்களோடு கடைசியாகப் பந்தியில் உட்கார்ந்தார் என்று மூன்று நற்செய்திகள் சொல்கின்றன. யோவான் நாளை ஒருநாள் முன்னே தள்ளி வைக்கிறார். ஆனால் மற்ற மூவரும் சொல்லாத ஒன்றை அவர்தான் சொல்கிறார்: பந்தியிலிருந்து எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டை இடுப்பில் கட்டி, சீடர்களின் காலைக் கழுவிய கதை.

தமிழில் பிள்ளைகளுக்குக் கிறித்தவம் சொல்லிக்கொடுத்த வரலாறு வேறு மாதிரித் தொடங்குகிறது. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறை ஊர்களில் கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். 1578இல் கொல்லத்தில் அன்றிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம், பதினாறே பக்கம். மனப்பாடத்துக்கான செபங்கள். அடுத்த வருடம் கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' வினா விடையாகப் போகிறது. தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் இதையெல்லாம் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாஸ்கா ராத்திரியில் கேள்வி பிள்ளையுடையது. வினா விடைப் புத்தகத்தில் கேள்வியும் சாமியாருடையது, பதிலும் சாமியாருடையது. பிள்ளையின் வேலை ஒப்பிப்பது. நானூறு வருடத்துக்கு மேலாக நாம் ஒப்பித்துக்கொண்டே வந்திருக்கிறோம். "பெரிய வியாழன் எதற்காகக் கொண்டாடுகிறோம்?" "நற்கருணையையும் குருத்துவத்தையும் ஏற்படுத்தியதற்காக." "பாதம் கழுவியது எதைக் காட்டுகிறது?" "தாழ்ச்சியைக் காட்டுகிறது." முழு மதிப்பெண்.

இந்தத் 'தாழ்ச்சி' என்கிற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது.

போடியிலிருந்து தேவாரம் போகிற பாதையில், மலைக்கு ஒட்டினாப்ல கிடக்கிறது சிலமலை. மேலே அண்ணாந்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி, ஏலத்தோட்டம். போடி ஏலச் சந்தையில் மூட்டை மூட்டையாக ஏலம் போகிற காய்க்கு வாசம் இருக்கிறதே தவிர, அதை எடுத்த கைக்கும் காலுக்கும் பேர் கிடையாது. இந்த அடிவாரத்து ஊர்களின் காலனிகளில் விடியக் கருக்கலில் ஜீப்பு வந்து நிற்கும். தூக்குவாளியோடு பொம்பளைகள் ஏறுவார்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் சொல்வது ஒன்று, ஏற்றுவது வேறு. போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒருத்தி மடியில் இன்னொருத்தியாகப் போய் இறங்கி, களை எடுத்து, கவாத்துப் பார்த்து, ஆடி ஆவணி தொடங்கித் தை வரைக்கும் சுற்றுச் சுற்றாகக் காய் எடுத்து, பொழுது சாய அதே ஜீப்பில் இறங்கி வருவார்கள். ஏலச்செடியின் காய் கிளையில் தொங்காது. செடித்தூரில், மண்ணை ஒட்டிப் படர்கிற சரத்தில்தான் காய்க்கும். நாளெல்லாம் குனிந்தே இருக்க வேண்டும். ஈரத்தில், சருகில், அட்டைக்கடியில் நிற்கிற கால்கள். உப்பும் சுண்ணாம்பும் தடவிய கால்கள். விரலிடுக்கில் சேத்துப்புண், குதிகாலில் பித்தவெடிப்பு.

தவக்காலமும் பெரிய வாரமும் வருகிற பங்குனி சித்திரையில் காய் எடுப்பு கிடையாது, வேலையும் குறைவு, கையில் காசும் குறைவு. கோயிலுக்கு அது உபவாச காலம். வீட்டுக்கும் அதுதான். ஒருசந்தி இருப்பதைப் பற்றி எங்கள் சனங்களுக்குச் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது எங்க அம்மாச்சி வாய்க்குள்ளேயே சொல்லும்: "இவுக சொல்லித்தான் நாம பட்டினி கெடக்கணுமாக்கும்."

இந்தக் கால்களைப் பற்றி இன்னொரு வரலாறு இருக்கிறது. மதுரை, தேனிப் பக்கக் கிராமங்கள் பலவற்றில் ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. ஊர்த்தெரு வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், கடந்து போனபின் போட்டுக்கொள்ளலாம். பழங்கதை இல்லை. பிரிட்டிஷ் காலத்துக் கதையும் இல்லை. சைக்கிள் வந்தபின் சைக்கிளை உருட்டிக்கொண்டும், செருப்பு வந்தபின் செருப்பைச் சுமந்துகொண்டும் போனவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். இதே காலனிப் பிள்ளையிடம் விடுதலைப் பயணத்தின் அந்த வசனத்தை, காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிடுங்கள் என்பதை, ஒருதடவை வாசித்துக் காட்டிப் பாருங்கள். அதற்குப் பொழிப்புரையே வேண்டாம். செருப்புப் போட்டவன் நடக்கத் தயாராக இருக்கிறவன். அடிமைக்குச் செருப்பு கிடையாது.

சிலமலைப் பக்கத்துக் காலனி ஒன்றில் சில வருடம் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுத்தவன் என்கிற முறையில் இதைச் சொல்கிறேன். பாதம் கழுவிய கதையை நமக்குக் கற்பித்த விதத்தில் ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. அடுத்தவன் காலைக் கழுவுவது அந்தக் காலத்துப் பாலஸ்தீனத்தில் அடிமையின் வேலை. ஆண்டை அதைச் செய்தால் அது புரட்சி. ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருக்கிறவனிடம் போய், "பார்த்தாயா, இயேசுவே செய்தார், நீயும் தாழ்ச்சியாக இரு" என்றால் அதற்குப் பெயர் என்ன? தாழ்ந்து கிடக்கிறவனுக்குத் தாழ்ச்சியைப் போதிப்பது பசித்தவனுக்கு டயட் சொல்வது மாதிரி. சாணி அள்ளியவர்கள், செத்த மாட்டைத் தூக்கியவர்கள், ஊர்ப் பிணத்துக்குக் குழி தோண்டியவர்கள், எல்லாப் பாதத்தையும் கழுவியவர்கள் நாங்கள். இந்தப் பாடம் எங்களுக்கானதே இல்லை. பந்தியில் இதே கதையில் இன்னொரு ஆள் இருக்கிறார்: பேதுரு. மீன் பிடிக்கிறவர். தன் காலைத் தொட வந்தவுடன் பதறிக் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார். வேண்டாஞ்சாமி, வேண்டவே வேண்டாம் என்கிறார். அந்தப் பதற்றம் நமக்குத் தெரியும். நல்ல துணி உடுத்தியவர் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நம் அப்பத்தாக்கள் காலை மடக்கிச் சேலைக்குள் ஒளித்துக்கொள்வார்களே, அதே பதற்றம். காலைக் காட்டு, இல்லையென்றால் உனக்கு என்னோடு பங்கில்லை என்று பேதுருவிடம் இயேசு சொல்கிறார். எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது: காலை உள்ளே இழுத்துக்கொள்ளாதே.

சடங்காக வந்தபின் இந்தக் கழுவுதலுக்கு என்ன ஆயிற்று என்பதும் ஒரு கதை. ஐரோப்பாவில் ராஜாக்கள் வருடத்துக்கு ஒருநாள் ஏழைகளின் காலைக் கழுவினார்கள். இங்கிலாந்தில் இரண்டாம் ஜேம்ஸோடு அது நின்றுபோய்க் காசு கொடுப்பது மட்டும் மிஞ்சியது. ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் இருபதாம் நூற்றாண்டு பிறந்தபிறகும் வியன்னா அரண்மனையில் பன்னிரண்டு கிழவர்களை உட்காரவைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் சக்கரவர்த்தி சக்கரவர்த்திதான், கிழவன் கிழவன்தான். கத்தோலிக்கச் சபையில் 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பெரிய வாரச் சடங்குகளைத் திருத்தியபோதுதான் பாதம் கழுவுதல் பங்குக் கோயில்களின் வியாழன் மாலைப் பூசைக்குள்ளே வந்தது. சட்டப்படி ஆண்கள் மட்டும். 2013இல் போப்பாண்டவரான முதல் மாதமே பிரான்சிஸ் ரோமில் ஒரு சிறார் சிறைக்குப் போய், பெண்களும் முஸ்லிம்களும் உள்ளிட்ட பன்னிரண்டு பேர் காலைக் கழுவி முத்தமிட்டார். 2016 ஜனவரியில்தான் விதியை மாற்றிப் பெண்களையும் சேர்க்கலாம் என்று எழுத்தில் வந்தது. விதி வந்தது. நம்ம பக்கத்துக் கோயில் நாற்காலிகளில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அடுத்த பெரிய வியாழனுக்கு வாசகர்களே எண்ணிப் பாருங்கள். சேர்த்து இன்னொரு கணக்கும் எடுங்கள்: பன்னிரண்டில் காலனி எத்தனை?

நான் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்த கோயிலொன்றில், பேர் வேண்டாம், பன்னிரண்டு பேர் பட்டியலை ஊர்ப் பெரியவர்கள்தான் கொடுப்பார்கள். காலனியாட்கள் கேட்டுக் கேட்டு, பிறகு இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. கடைசி இரண்டு நாற்காலி. ஏன் கடைசி என்றால், அந்தத் தண்ணீர், அந்தத் துண்டு. அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு பேரும் கோயிலுக்கு வருமுன் கிணற்றடியில் செங்கல் வைத்துத் தேய்த்து, சோப்புப் போட்டு, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தார்கள். கழுவுவதற்கென்று கழுவிய கால்கள். "எதுக்கு மாமா, அதான் சாமியாரு கழுவுவாருல்ல?" என்று கேட்ட ஒரு பொடியனுக்கு விழுந்த அடி எனக்கு ஞாபகமிருக்கிறது. நல்ல கேள்வி அது. வினா விடைப் புத்தகத்தில் இல்லாத கேள்வி.

தொடுவதா வேண்டாமா என்பது தமிழ்க் கிறித்தவத்தின் அடிவயிற்றுக் கேள்வி. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி கட்டி, காலில் பாதக்குறடு போட்டு, பிராமணச் சந்நியாசியாக வாழ்ந்தார். 1623இல் ரோமாபுரி அதற்கு அனுமதி கொடுத்தது. நம்மவர்களுக்கென்று 1640லிருந்து 'பண்டாரசாமிகள்' என்று தனியாக ஒரு வகைச் சாமியார்கள். சாமியார்களிலேயே ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று. 1704இல் ரோமிலிருந்து வந்த தூர்நோன் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு போட்ட ஆணையில், நோயாளிப் பறையர் வீட்டுக்குள் சாமியார் நுழைந்து சாக்கிரமந்து கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி. ஆணை போட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதுவரைக்கும் என்ன நடந்தது என்று விளங்கும். சண்டை நாற்பது வருடம் இழுத்து, 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் கடைசியாகத் தீர்த்துவைத்தது எப்படி? பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள் என்று. தாமிர ஏனத்துக்குத் தனியாக ஒரு கொட்டாங்கச்சி. இரட்டைக் குவளையைக் கண்டுபிடித்தது டீக்கடைக்காரன் என்று யார் சொன்னது?

சீர்திருத்தச் சபைக்காரர்கள் மட்டும் யோக்கியமா என்றால், ராஜநாயக்கன் கதையைக் கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பெரிய வியாழனைச் சொல்லும்போது நான் தவறாமல் சொல்கிற கதை இது. தஞ்சாவூர் ராஜாவின் படையில் இருந்த பறையர். பிறப்பால் கத்தோலிக்கர். தமிழில் அச்சான புதிய ஏற்பாடு கைக்குக் கிடைத்து, அதைத் தானாகவே வாசித்து, 1720களின் கடைசியில் தரங்கம்பாடி மிஷனோடு சேர்ந்தார். பட்டாளத்தை விட்டுவிட்டு உபதேசியாரானார். தஞ்சைச் சீமையில் நாற்பது வருடத்துக்கு மேல் அலைந்து, அடி வாங்கி, சபைகளை உண்டாக்கினார். மிஷனில் தமிழர் ஒருவரைக் குருவாக்கலாம் என்று பேச்சு வந்தபோது அவர் பெயரும் அடிபட்டது. 1733இல் பட்டம் கிடைத்தது வெள்ளாளரான ஆரோனுக்கு. அடுத்து 1741இல் தியோகுவுக்கு. ராஜநாயக்கனுக்குக் கடைசிவரை இல்லை. காரணம் அவருடைய படிப்போ பக்தியோ இல்லை என்று மிஷனரிகளே எழுதினார்கள். ஒரு பறையர் கையிலிருந்து அப்பமும் ரசமும் வாங்க மேல்சாதிக் கிறித்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பதே காரணம். குருத்துவத்தை ஏற்படுத்திய நாள் என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்களே, அந்தக் குருத்துவம் எங்கே வந்து முட்டி நின்றது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர் 1771இல் உபதேசியாராகவே செத்தார். அவருக்கு ஒரு சிலை, ஒரு தெருப்பெயர்?

பிறகு கிண்ணத்துக்கு வந்தது சண்டை. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் முதலில் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கொடுப்பார்கள், அதன் பிறகுதான் நம்மவர்கள். 1833இல் கல்கத்தா பிஷப்பு டேனியல் வில்சன், சாதியை அடியோடு விடவேண்டும், உடனே விடவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது நூற்றுக்கணக்கில் சபையை விட்டு வெளியேறினார்கள். தமிழ்க் கிறித்தவக் கவிராயர் என்று இன்றைக்கும் கொண்டாடப்படுகிற தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், மிஷனரிகள் சாதியைக் கலக்கச் சொல்வதைக் கொடுமை என்றே எழுதிவைத்தார். அவருடைய பாட்டை நாமும் பாடுகிறோம். பாடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. பாடும்போது இதுவும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

எங்கள் மதுரைச் சீமையில் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன் கொஞ்சம் வேறு ஆட்கள். அவர்களுடைய முன்னோர்கள் பண்டிகை என்றாலே முகம் சுளித்தவர்கள். 1659இலிருந்து 1681 வரைக்கும் மாசச்சூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் அபராதம் போட்டவர்கள். பெரிய வியாழனுக்கு அவர்களிடம் சடங்கு இருந்திருக்காது. ஆனால் வியாழக்கிழமையின் சாரத்தை அவர்கள்தான் பிடித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 1847இல் மிஷன் ஒரு தீர்மானம் போட்டது: சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, யார் சமைத்தாலும் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. உபதேசியார்கள் உட்படப் பலர் தேறவில்லை, சபையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். ஒரு கவளம் சோறு இறங்கவில்லை. 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் இதே பரீட்சையை எல்லாச் சபைக்கும் சிபாரிசு செய்தது. அந்தப் பரீட்சை பிறகு ஏன் மறைந்துபோனது, யார் அதை மறக்கடித்தார்கள் என்று நம்மில் யாராவது ஆராய்ச்சி மாணவர் உட்கார்ந்து எழுதினால் நல்லது.

வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் நடுவே சுவரோடு 1872இல் எழும்பிய கோயிலையும், 1910இல் கௌசானல் சாமியார் அந்தச் சுவரை இடித்ததையும், இடித்ததற்காக வெள்ளாளர் உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றதையும் பலர் எழுதிவிட்டார்கள். சுவர் ஒன்று விழுந்தால் ஒன்று நிற்கிறது. 2008 மார்ச் 9, தவக்காலத்து ஞாயிறு, விழுப்புரம் மாவட்டத்து எறையூர். தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்ட தலித் கிறித்தவர்கள்மேல் தாக்குதல், வீடுகள் நாசம், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் சாவு. அடுத்த இரண்டாம் வியாழன் அங்கே யார் யாருடைய காலைக் கழுவியிருப்பார்கள்?

பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்லலாமா, பிஞ்சு மனசல்லவா என்று ஒரு சிஸ்டர் என்னிடம் கேட்டார்கள். நல்ல மனசுக்காரர். பிஞ்சு மனசுக்கு நாங்கள் ஏற்கெனவே ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டோம் சிஸ்டர் என்றேன். பொய் சொல்ல.

அதுதான் விசயம். காலனியில் கிறித்தவப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர். கோயிலில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. 1950ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவாக இல்லாதவன் பட்டியல் சாதியாக இருக்க முடியாது என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறித்தவனும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். நிலவுடைமைச் சாதிகளோடு ஒரே வரிசையில் நின்று போட்டி போட வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவர்களுக்குப் பேசாது. 1989இல் போடி வட்டாரம் சாதித் தீயில் எரிந்தது. அந்தச் சட்டம் வந்ததும் அதே வருடம்தான். அரிவாளோடு வந்தவன் யாரிடமும் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டிருக்க மாட்டான். சர்க்கார் கேட்கிறது.

சூசை வழக்கு தெரியுமா? சென்னை ரோட்டோரத்தில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடர். 1982இல் செருப்புத் தைக்கிறவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இவர் கிறித்தவர் என்று இவருக்கு மட்டும் இல்லை. உச்ச நீதிமன்றம்வரை போனார். 1985 செப்டம்பரில் தீர்ப்பு: மதம் மாறியபின்னும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை, தள்ளுபடி. ஊரார் காலுக்கெல்லாம் செருப்புத் தைத்தவர் தன் காலில் தைத்த முள்ளை நிரூபிக்க வேண்டும். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காமல் பட்டியல் சாதி உரிமை கொடுங்கள் என்றது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தீர்மானம். 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறித்தவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின்மேல் மோசடி என்றது. இந்த நிலையில் ஒரு தாய் பிள்ளைக்குப் பெரிய வியாழனை எப்படிச் சொல்லிக்கொடுப்பாள்? "கோயிலுக்குப் போ, ஆனா ஸ்கூல்ல டீச்சர் கேட்டா மாரியம்மன் கோயில்னு சொல்லு." அந்த ராத்திரியே தெரியாதென்று மூன்று தடவை மறுதலித்த பேதுருவை நாங்கள் பிள்ளைகளுக்கு அதிகமாகத் திட்டுவதில்லை. எங்களுக்கு அந்த ஆளைப் புரிகிறது.

வேறு மாதிரிச் சொல்லிக்கொடுத்தவர்களும் இங்கேயே இருந்தார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஜே. தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை அண்ணன்' என்றால்தான் பலருக்குத் தெரியும், நாட்டுப்புற மெட்டில் ஒரு முழு வழிபாட்டையே எழுதினார். திருவிருந்தை அவர் 'ஓர் உலை' என்று சொன்னார். ஒரே அடுப்பில் ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்கிற குடும்பம். கோதுமை அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் இந்த ஒரு சொல்லால் நம் அடுப்படிக்குக் கொண்டுவந்தார். 2005இல் போய்ச் சேர்ந்துவிட்டார். 1992இல் மதுரை ஐடியாஸ் மையம் வெளியிட்ட பாமாவின் 'கருக்கு', கோயிலுக்குள்ளேயும் கான்வெண்டுக்குள்ளேயும் ஒரு தலித் பெண்பிள்ளை என்ன கற்றுக்கொண்டாள் என்பதை நம்முடைய பேச்சிலேயே எழுதியது. மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு அதைக் கட்டாயப் பாடமாக வைக்கலாம். வைக்க மாட்டார்கள்.

2022இல் பெரிய வியாழன் ஏப்ரல் 14இல் வந்தது. அம்பேத்கர் பிறந்த நாள். காலையில் படத்துக்கு மாலை, நீலக் கொடி. சாயங்காலம் கோயில். மத்தியானம் நடுவில் சும்மாதானே கிடக்கிறது என்று, பிள்ளைகளை வைத்து நாங்களே காலனி மைதானத்தில் ஒன்று செய்தோம். வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசி. ஒரே அண்டா. பறை அடிக்கலாமா என்று ஒரு சண்டை வந்தது. பெரியவர்கள் சிலர் "இழவுக்கு அடிச்சது போதும், பிள்ளைக கையில அதக் குடுக்காதீக" என்றார்கள். இளவட்டங்கள் அது நம்ம கலை என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இன்னும் தீரவில்லை. அன்றைக்கு அடிக்கவில்லை. வியாழன் பூசையில் வானவர் கீதத்துக்குப் பிறகு சனி ராத்திரி வரைக்கும் மணியும் அடிக்கக் கூடாதுதானே, அதனால் சமாதானமானார்கள்.

சோறு வேகிற நேரத்தில் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொன்னேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பழக்கமில்லை. பிறகு வந்தது. யூதாசு காலையும் கழுவினாரா? தண்ணி யார் கொண்டுவந்தது? அந்த வீட்டில் சமைத்தது யார், அவர்களும் பந்தியில் உட்கார்ந்தார்களா? மகதுக் குளத்தில் 1927இல் அம்பேத்கர் தண்ணி அள்ளிக் குடித்தாரே, அது பெரிய வியாழனா? (மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன்.) கழுவின தண்ணியை எங்கே ஊற்றுவார்கள்? இதில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. யூதாசு காலையும் கழுவினார் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னேன். ஒரு பெண்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை.

பிறகு மலைக்குப் போய் வந்த ஆச்சிகளை உட்காரவைத்துப் பிள்ளைகள் காலைக் கழுவுவது என்று ஏற்பாடு. அதுதான் கஷ்டமாகப் போனது. ஒருத்தரும் காலை நீட்டவில்லை. எழுபது வயசு இருக்கும் ஒரு ஆச்சிக்கு, போடிமெட்டு ஏறி இறங்கியே முட்டி தேய்ந்தவர். பேரன் சட்டியோடு முன்னால் குத்தவைத்தபின்னும் சேலையை இழுத்து இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டே இருந்தார். "நாத்தமடிக்கும்டா ராசா, வேணாம்டா." அவன் விடவில்லை. பித்தவெடிப்பில் கிடந்த மண்ணை நகத்தால் எடுத்துக்கொண்டே கேட்டான்:

"ஏ ஆச்சி, இது எந்தத் தோட்டத்து மண்ணு?"